முகக் களிம்பு விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது

வாசகர்களே, முகக் களிம்பு விளம்பரம் ஒன்றைச் சற்று நினைவுக்குக் கொண்டு வாருங்கள். முதலில் கறுத்த முகம். சில வாரங்கள் கழித்து வெளுத்த அதே முகம். பக்கத்தில் நிறத்தை அளந்து காட்டும் அட்டை. 1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது முதல் பல நிறுவனங்கள் இவ்வகை விளம்பரங்களை வெளியிட்டுள்ளன. 2020இல் அக்களிம்பின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல் நீக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், இவ்விளம்பரங்கள் பரப்பிய இரு தவறான கருத்துகள் இன்னும் நீங்கவில்லை.

முதலாவது, கறுப்பு நிறமே ஒரு குறை என்பது. நம் தோலிலுள்ள நிறமிச் செல்கள் மெலானின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இச்செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே; அவை உண்டாக்கும் மெலானினின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. மெலானின் புற ஊதாக் கதிர்களிலிருந்து தோலைக் காக்கிறது. எனவே பிறவி நிறத்துக்கு மருந்து எதற்கு?

இரண்டாவது கருத்து இன்னும் தீங்கானது. புதிதாகத் தோன்றும் எந்தக் கருமையும் ஒரே களிம்பால் நீங்கிவிடும் என்பதே அது. உண்மையில் அக்கருமை ஓர் அறிகுறியாகும். அது தோன்றும் இடமும் தன்மையும் காரணத்தை உணர்த்தும். சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் இருபுறமும் ஒத்தாற்போல் படரும் பழுப்புத் திட்டு ‘மங்கு’ எனப்படும். வெயில், கர்ப்பகாலம், கருத்தடை மாத்திரை ஆகியவை இதைத் தூண்டக்கூடும்.

பிடரியும் அக்குளும் கறுத்து, வெல்வெட் துணிபோல் தடித்திருந்தால், அது பெரும்பாலும் உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காததன் அடையாளம். “ஒழுங்காகக் குளிப்பதில்லை” என்று பிள்ளைகளை அதட்டி, நார் கொண்டு தேய்ப்பவர்கள் பலர். தேய்ப்பதால் கருமை நீங்காது. செய்ய வேண்டியது இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை.

விரல் கணுக்களின் மேல் கருமை, அத்துடன் சோர்வு, நாக்கில் எரிச்சல் ஆகியவை இருந்தால் வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம். அக்குறையை ஈடுசெய்தால் கருமையும் படிப்படியாக மறையும்.

உள்ளங்கை ரேகைகள், ஈறுகள், பழைய தழும்புகள் ஆகியவை கறுத்து, உடல் மெலிந்து, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா? 1855இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்த நோயாக அது இருக்கலாம். சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் செயலிழப்பதால் இது வருகிறது. அவற்றைத் தூண்டுவதற்காகப் பிட்யூட்டரி சுரப்பி மிகுதியாகச் சுரக்கும் ஹார்மோன், நிறமிச் செல்களையும் தூண்டிவிடுகிறது. காசநோயும் இதற்கு ஒரு காரணம். கவனியாது விட்டால் உயிருக்கே ஆபத்து. இவரிடம் களிம்பை நீட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

விளம்பரங்கள் கூறுவது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. சில களிம்புகளில் உள்ள நியாசினமைடு, மெலானின் மேற்புறச் செல்களுக்குச் செல்வதை ஓரளவு மட்டுப்படுத்தும். வெயில் தடுப்புப் பொருள்களும் பயனுள்ளவையே. ஆனால் ‘வெளுப்பு’ ஆசையால், ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருத்துவரைக் கேளாமலே முகத்தில் பூசுவோர் பலர். நாளடைவில் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் முடியும் தோன்றும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018இல் மத்திய அரசு விதித்தது.

ஆகவே, மாணவ நண்பர்களே, இனி இத்தகைய விளம்பரத்தைக் கண்டால், “இந்தக் கருமை எதனால் வந்தது?” என்று கேளுங்கள். விளம்பரத்தில் அதற்கு விடை இராது. புதிதாகக் கறுத்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் நன்கு பாருங்கள்; எப்போது தொடங்கியது, வேறென்ன தொல்லை உள்ளது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.