ஷம்போர் மதிலுக்கு ஆறு வாசல்: பி-ரௌட்டரோடு ஒரு சைக்கிள் சுற்று

பாரிஸ் ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்தில் ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் ப்ளுவா வந்துவிடும். லுவார் ஆற்றங்கரையில் மேடேறி நிற்கிற பழைய ஊர். அங்கே சைக்கிளை வாடகைக்கு எடுத்து, ஷம்போர், ஷெவர்னி என்ற இரண்டு கோட்டை மாளிகைகளையும் இடையிலுள்ள கிராமங்களையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் அதே ரயில் நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். இதுதான் திட்டம். வாரத்துக்கு ஒருநாள் ஓட்டிப் பழகிய கால்களுக்கு 55 கிலோமீட்டர் சரியான அளவு. வழியைப் போட பி-ரௌட்டரைப் பயன்படுத்தினேன்.

பி-ரௌட்டர் சைக்கிள்காரர்களுக்காக உருவான இலவச, திறந்தமூல வழித்தேடி. கணினியில் உலாவியிலேயே திறக்கலாம். ஆண்ட்ராய்டு செயலியாகவும் உண்டு. தேவையான பகுதியின் தரவை முன்பே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத காட்டிலும் போனிலேயே வழி கணக்கிடும். வரைபடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பினுடையது. 2004இல் தொடங்கி, தன்னார்வலர்கள் தெருத்தெருவாக வரைந்து வளர்த்த வரைபடம் அது.

மற்ற வழித்தேடிகளில் எனக்குள்ள மனக்குறை, ஏன் இந்த வழி என்று அவை சொல்வதில்லை என்பதுதான். பி-ரௌட்டரில் அந்தக் கணக்கு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு வகைச் சாலைக்கும் ஒரு விலை வைத்திருக்கிறார்கள். நெரிசலான சாலையில் ஒரு கிலோமீட்டர் போவதை அதைவிட நீண்ட தூரமாக எண்ணி, ஒதுக்குப்புறச் சாலையைத் தேடும். இந்த விலைப்பட்டியல் ஓர் எழுத்துக்கோப்புதான். பிடிக்காவிட்டால் நாமே மாற்றலாம். 'ட்ரெக்கிங்' என்ற பட்டியல், பலகை நட்ட சைக்கிள் பாதைகளுக்கு முன்னுரிமை தரும். அதில் ஏற்றத்துக்கு விலையே இல்லை, இறக்கத்துக்குத்தான் உண்டு. சரிவு 1.5 சதவீதத்தைத் தாண்டினால், இறங்கும் ஒவ்வொரு மீட்டரையும் 60 மீட்டர் சமதளத்துக்கு ஈடாக எண்ணும். முதலில் குழம்பினேன். பிறகு புரிந்தது: கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறவன் எவ்வளவு ஏறுகிறானோ அவ்வளவு இறங்கியாக வேண்டும். ஒன்றை எண்ணினால் போதும்.

புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தேன். ப்ளுவா நிலையம், பழைய கல்பாலம், ஆற்றின் தென்கரை, சேன்-தியே, ஷம்போர், பிராசியூ, ஷெவர்னி, செலெத், ரூசி காடு, மறுபடியும் ப்ளுவா. ஒரு புள்ளியை விரலளவு நகர்த்தினாலும் வழியும் தூரமும் உடனே மாறும். சரிவுக்கேற்ப வழியின் மேல் வண்ணம் பூசியும் காட்டும். ஆற்றங்கரை கடல் மட்டத்திலிருந்து 70 மீட்டர் உயரம் இருக்கும்; காட்டு மேடு 100ஐச் சற்றுத் தாண்டும். மூச்சு வாங்க வைக்கிற ஏற்றம் எங்கும் இல்லை.

இந்தச் சுற்றின் உண்மையான சோதனை ஷம்போர் மதில்தான். முதலாம் பிரான்சுவா மன்னர் 1519இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. அதைச் சுற்றி 5,440 ஹெக்டேர் வேட்டைக்காடு. காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் நீள மதில், அதற்கு ஆறே வாசல். காட்டின் பெரும்பகுதிக்குப் பொதுமக்கள் போகக்கூடாது. வரைபடத்தில் பாதை இருக்கும், கால் வைக்க அனுமதி இருக்காது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பி-ரௌட்டர் சேன்-தியே பக்க வாசலில் நுழைந்து, பிராசியூ பக்க வாசலில் வெளியேறியது. ஓரிடத்திலும் மூடிய காட்டுக்குள் போகவில்லை. நேரில் போனபோதும் வாசல் அங்கேயே இருந்தது. மதில் தாண்டியதும் மரங்களுக்கு நடுவே நேர்கோடாகச் சாலை. அதன் முடிவில் புகைபோக்கிகளும் கூம்புகளுமாக மாளிகையின் கூரை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வருகிறது. காரில் வருகிறவர்களுக்கு அது சில விநாடிக் காட்சி. சைக்கிளில் நெடுநேரம் பார்த்துக்கொண்டே போகலாம்.

உள்ளே ஒன்றையொன்று சுற்றி ஏறும் இரட்டைப் படிக்கட்டு இருக்கிறது. ஒன்றில் ஏறுகிறவரும் மற்றதில் இறங்குகிறவரும் சாளரம் வழியே பார்த்துக்கொள்ளலாம், வழியில் சந்திக்க முடியாது. ஷம்போருக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மாளிகை கட்டிய கற்கள் படகில் வந்து இறங்கிய துறைதான் சேன்-தியே. அதன் கரையில் கால் மணி நேரம் உட்காராமல் போகாதீர்கள்.

பிராசியூவில் 16ஆம் நூற்றாண்டின் மரத்தூண் சந்தைக்கூடம் இருக்கிறது. அதன் நிழலில் ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் சாப்பிட்டேன். அங்கிருந்து ஷெவர்னிக்குப் போகும்போதுதான் தவறு நடந்தது. நேரமாகிறதே என்று அந்த ஒரு துண்டுக்கு மட்டும் 'மிகக் குறைந்த தூரம்' என்ற பட்டியலைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அது காட்டுப் பாதையில் இறக்கிவிட்டது. இந்தச் சொலோன் பகுதி மணலும் களிமண்ணும் கலந்த பூமி. மழையில்லாத வாரம். முன்சக்கரம் மணலில் புதைந்து பக்கவாட்டில் நழுவியது. இறங்கித் தள்ளித்தான் நடந்தேன். மிச்சப்படுத்திய தூரத்தைவிட இழந்த நேரம் அதிகம். பகுப்பாய்வுப் பக்கத்தைத் திறந்தால் தார் எவ்வளவு, சரளை எவ்வளவு, மண் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்; தளம் பதிவாகாத தூரமும் தெரியும். அந்தத் துண்டு அப்படிப்பட்டதுதான். கிளம்பும் முன் நான் பார்த்திருக்க வேண்டிய பக்கம் அதுவே.

பி-ரௌட்டர் சொல்லாதவையும் உண்டு. காற்று எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. இங்கே மேற்கிலிருந்துதான் அதிகம் வீசும். ஆற்றங்கரை மேல் மறைப்பே இல்லை. ஆகவே காலையில் காற்றை முதுகில் வாங்கிக் கிழக்கே ஆற்றோரமாகப் போய், மாலையில் மரங்களின் மறைவில் திரும்புவது நல்லது. திசையைத் திருப்ப ஒரு பொத்தான் இருக்கிறது, எந்தத் திசை என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். மாளிகை மூடும் நேரமும் அதற்குத் தெரியாது. டின்டின் சித்திரக்கதையில் கேப்டன் ஹேடக்கின் வீட்டுக்கு மாதிரியான ஷெவர்னியை நிதானமாகப் பார்க்க எனக்கு நேரம் போதவில்லை. செலெத் அருகே 327 ஓவிய முகங்கள் உள்ள போர்கார் மாளிகையை வாசலோடு விட்டுவிட்டேன். ஒரே நாளில் இரண்டு மாளிகைக்கு மேல் உள்ளே போக நினைக்காதீர்கள்.

ஒரு பொத்தானை அழுத்தினால் தயார் சுற்று வேண்டும் என்பவர்களுக்கு பி-ரௌட்டர் சரிப்படாது; திரை முழுக்கச் சின்னங்கள், விளக்கம் குறைவு, பழக ஒரு மாலை நேரமாவது ஆகும். அந்த மாலையைக் கொடுக்கத் தயாரானவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். போட்ட வழியை ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கிப் போனில் போட்டுக்கொள்ளுங்கள், ஊர்ப்பெயர்களை வரிசையாக ஒரு துண்டுச்சீட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். வெயிலில் திரை தெரியாத நேரத்தில் எனக்கு அந்தச் சீட்டும் சாலையோரப் பச்சை சைக்கிள் பலகைகளும்தான் உதவின.

அறைக்குத் திரும்பியதும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி, அந்தக் காட்டுப் பாதைக்குத் தளம்: மணல் என்று பதிந்தேன். ஐந்து நிமிட வேலை. இதே பி-ரௌட்டர் செஞ்சியைச் சுற்றியும் வழி போட்டுத் தரும், ஆனால் நம் ஊர்ச்சாலைகள் பலவற்றுக்குத் தளம் இன்னும் பதிவாகவில்லை. அடுத்த முறை சைக்கிளில் போய்வந்ததும் நீங்கள் போன சாலை தாரா, சரளையா, மண்ணா என்று அதில் பதிந்துவிடுங்கள்.