பின்சீட்டுக்கு ஒரே காப்பு: மலைப்பாதையில் புதிய டிசையர்

சித்தூர் – திருப்பதி சாலையில் காணிப்பாக்கம் பிரிவைத் தாண்டினால் புதிய மாருதி டிசையர் அலுங்காமல் ஓடுகிறது. மலையடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடிக்கு மேலேதான் மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு மூச்சு வாங்குகிறது. ஐந்து பேர் ஏறி, ஏ.சி.யும் ஓடினால் வளைவுக்கு வளைவு இரண்டாவது கியர்தான். இருந்தாலும் இந்தக் காரை நான் மதிப்பது வேறொரு காரணத்துக்காக. 2024 நவம்பரில் அறிமுகமானபோதே விலை குறைந்த மாடல் உட்பட எல்லாவற்றிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது.

முன்னால் இரண்டு, முன்சீட்டுகளின் பக்கவாட்டில் இரண்டு. பாக்கி இரண்டும் கர்ட்டன் ஏர்பேக். கதவுகளுக்கு மேலே, கூரை ஓரத்து உறைக்குள் நீளவாக்கில் மடிந்திருக்கின்றன. பின்சீட்டில் இருப்பவர்களுக்கு இதை விட்டால் வேறு ஏர்பேக் கிடையாது. மொட்டை போட்டு, சந்தனம் பூசி, இறங்கும் வழியெல்லாம் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குபவர்கள் உட்காருவது அங்கேதான்.

நேருக்கு நேர் மோதினால் நசுங்குவதற்கு பானெட் இருக்கிறது. பக்கத்தில் கதவுத் தகட்டுக்கும் தலைக்கும் நடுவே சில அங்குலம்தான். தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர் குறுக்கே வந்து இடித்தால், உணரிகள் அதிர்வைக் கண்டதும் கண் இமைப்பதற்குள் பை மேலிருந்து கீழே விரிந்து கண்ணாடியை மூடுகிறது. தலை கண்ணாடியிலோ நடுத்தூணிலோ மோதாது, வெளியே தூக்கி எறியப்படும் ஆபத்தும் குறைகிறது. தலையைக் காக்கும் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால், ஓட்டுநர் பக்கம் இடிபடும் விபத்துகளில் கார் ஓட்டுநர் இறக்கும் அபாயம் 37 சதவீதம் குறைகிறது என்று அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐ.ஐ.எச்.எஸ். கணக்கிட்டிருக்கிறது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பக்கத்து அனந்தபுரம் சீமையில் தயாராகும் கியா கேரன்ஸும் ஆறு ஏர்பேக்கோடுதான் வந்தது. கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2022இல் அதற்குக் கொடுத்தது 3 நட்சத்திரம். டிசையர் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 வாங்கியது. மாருதிக்கு அதுவே முதல் முறை. உடற்கூடு உறுதியாக நின்றால்தான் பைக்கு வேலை. அதற்காக ஏர்பேக் வேண்டாமென்று இல்லை. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்க 2022இல் வரைவு அறிவிக்கை போட்ட மத்திய அரசு, மறு ஆண்டே பின்வாங்கியது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஷோரூமில் ஏர்பேக்கை வெடிக்கவைத்துப் பார்க்க முடியாது. தூணின் உறையில் 'ஏர்பேக்' என்ற எழுத்து இருக்கிறதா, சாவி போட்டதும் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்க்கலாம். கைப்பிடிக்குப் பக்கத்துக் கொக்கியில் ஹேங்கரோடு சட்டை தொங்கவிடுவது வேண்டாம். பை விரியும்போது அது தலையை நோக்கிப் பாயும். டேஷ்கேம் ஒயரைத் தூண் உறைக்குள் திணிப்பதும் தப்பு. பக்கவாட்டுத் தையலை மூடும் தடித்த சீட் கவர், முன்சீட்டுப் பையை விரியவிடாது.

மலை ஏற வேகம் வேண்டுமென்றால் வேறு கார் பாருங்கள். குடும்பத்துக்கென்றால் டிசையரைத் தாராளமாக வாங்கலாம். பின்சீட்டிலும் பெல்ட் போடச் சொல்லுங்கள்.