நிறுவனரின் நோய்மையும் பனுவலின் உரிமையும்: சிட் பாரெட், ஆத்மாநாம் குறித்த வாசிப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சிட் பாரெட்டின் பாடல்கள், அவருடைய பிற்கால மனநிலைச் சிதைவின் முன்னறிகுறிகளாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளன. இவ்வாசிப்பு காலவரிசையைத் தலைகீழாக்குகிறது என்பதையும், பிறர் செய்த தொகுப்பு முடிவுகளைப் பாடலாசிரியரின் நோய்க்குறிகளாகக் கொள்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தமிழில் ஆத்மாநாம் கவிதைகள் எதிர்கொள்ளும் இதையொத்த இடரோடு ஒப்பிட்டு, நோய்மையை மறைக்காமலும் அதனையே உரையாக்காமலும் வாசிப்பதற்கான நெறியொன்றை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: சிட் பாரெட், பிங்க் ஃபிளாய்ட், ஆத்மாநாம், வாழ்க்கை வரலாற்று வாசிப்பு, கொளு, பதிப்பு, வஞ்சப்புகழ்ச்சி

முன்னுரை

செஞ்சிப் பகுதியிலுள்ள தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேசுவரம் என்னும் குடைவரைக் கோயில் உள்ளது. அரசனின் சத்துருமல்லன் என்னும் விருதுப்பெயரே கோயிலுக்கும் பெயராயிற்று. அங்குள்ள கல்வெட்டுகளுள் ஒன்று தமிழ்ச் செய்யுளாக அமைந்துள்ளது. அதனைச் சொல்லியவர் செல்லன் சிவதாசன் என்று கல்வெட்டே பெயர் குறிக்கிறது. அப்புலவரைப் பற்றிப் பெயருக்கும் ஊருக்கும் மேல் எதுவும் அக்கல்வெட்டில் இல்லை. ஆகவே செய்யுளைச் செய்யுளாகவே படிக்க வேண்டியுள்ளது.

இதற்கு நேர்மாறான நிலை, படைப்பாளரின் வாழ்வு படைப்பைவிடப் புகழ்பெற்றுவிடும் நிலை. தமிழ் மரபுக்கு இது புதிதன்று. புறநானூற்றுப் பாடல்களுக்கு அமைந்த கொளுக்கள் பாடல் பிறந்த சூழலைக் கூறுகின்றன. அவற்றை எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்பது ஆய்வாளரிடையே நெடுநாள் வினா. தனிப்பாடல்களிலோ பாடலிலிருந்து கதை பிறந்து, பின்னர் அக்கதையே பாடலுக்கு உரையாகிவிடுவதும் உண்டு. சிட் பாரெட்டைச் சுற்றி நிகழ்ந்திருப்பதும் ஏறத்தாழ இதுவே. அங்குக் கொளு எழுதியவர்கள் இதழாளரும் ரசிகரும் உடன்பணியாற்றிய கலைஞருமாவர்.

குழுவும் தொன்மமும்

கேம்பிரிட்ஜில் 1946இல் பிறந்த ரோஜர் கீத் பாரெட் ஓவியம் பயின்றவர். 1965இல் ரோஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன் ஆகியோருடன் அவர் இயங்கிய குழுவுக்குப் பிங்க் ஃபிளாய்ட் என்ற பெயரை அளித்தவரும் அவரே. பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்னும் அமெரிக்க ப்ளூஸ் இசைஞர் இருவரின் பெயர்களை அவர் இணைத்தார். போதைப்பொருள்வழிக் கிட்டும் மயக்கநிலையை ஒலியின் வழியே நிகழ்த்த முயன்ற சைகடெலிக் ராக் இசைவகையின் முதன்மையான குழுக்களுள் ஒன்றாக அது விரைவில் அறியப்பட்டது.

1967 ஆகஸ்டில் வெளிவந்த முதல் தொகுப்பான ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ 11 உருப்படிகள் கொண்டது. அவற்றுள் 8 பாரெட் தனியே இயற்றியவை. எல்.எஸ்.டி. பயன்பாட்டோடு சேர்ந்து அவருடைய நடத்தை அவ்வாண்டின் இறுதிக்குள் நிலைகுலைந்ததாக உடனிருந்தோர் கூறியுள்ளனர். டேவிட் கில்மோர் குழுவில் சேர, 1968 ஏப்ரலில் பாரெட்டின் விலகல் அறிவிக்கப்பட்டது. 1970இல் இரு தனித்தொகுப்புகளை வெளியிட்ட பின் அவர் படிப்படியாக இசையுலகை விட்டு நீங்கினார். பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் ஓவியமும் தோட்டமுமாக வாழ்ந்து 2006இல் மறைந்தார்.

அவர் விலகிய பின்னர் ரசிகர் கூட்டம் வளர்ந்தது. 1972இல் அவருடைய பாடலொன்றின் பெயரால் ‘டெராபின்’ என்னும் ரசிகர் இதழ் தொடங்கப்பட்டது. 1974இல் நிக் கென்ட் ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரை, சிதைந்துபோன மேதை என்னும் சித்திரத்தை நிலைநிறுத்தியது. 1975இல் குழுவே ‘விஷ் யூ வேர் ஹியர்’ தொகுப்பில் நிறுவனரின் இன்மையைப் பாடுபொருளாக்கியது. அப்பதிவுக் காலத்தில் பாரெட் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்தபோது நண்பர்களால் அவரை அடையாளம் காண இயலவில்லை என்ற நிகழ்ச்சி தொன்மத்தின் உச்சக்காட்சியாயிற்று. பாரெட் இருந்த காலமே குழுவின் உண்மைக் காலம் என்பாரும், அவர் நீங்கிய பின்னரே குழு முதிர்ந்தது என்பாரும் ரசிகருள் உளர். இரு சாராரும் அவருடைய பாடல்களை அவரது வீழ்ச்சியின் வழியாகவே அணுகுகின்றனர் என்பது கவனத்துக்குரியது.

பின்னறிவு முன்னறிவாதல்

இவ்வணுகுமுறையின் முதற்குறை காலம் பற்றியது. ‘ஸ்கேர்குரோ’ என்னும் சிறுபாடல் வயலில் அசைவற்று நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மையைப் பற்றியது. பிற்காலத்தில் மேடையில் செயலற்று நின்ற பாரெட்டை முன்னுணர்த்துவதாக இப்பாடலை வாசிப்பதுண்டு. ஆனால் இது 1967 ஜூனில், குழுவுக்குப் பெருவெற்றி தந்த ‘சீ எமிலி பிளே’ இசைத்தட்டின் மறுபக்கமாக வெளிவந்தது. வாசகர் பின்னர் அறிந்ததைப் பாடகர் முன்னரே அறிந்திருந்ததாகக் கொள்வதே இங்கு நிகழும் பிழை.

முதல் தொகுப்பில் பூனை, குள்ளபூதம், மிதிவண்டி, கதை சொல்லும் தாய் எனக் குழந்தை உலகின் பொருள்களே நிறைந்துள்ளன. இதனை மனம் பின்னோக்கிச் சென்றதன் அடையாளமாகக் கொள்வோர், அவற்றின் இலக்கிய மூலங்களைக் காணத் தவறுகின்றனர். தொகுப்பின் தலைப்பு கென்னத் கிரகாமின் ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ (1908) நூலின் ஓர் இயலுக்குரியது. ‘சாப்டர் 24’ சீனத்தின் ‘ஈ சிங்’ நூலைத் தழுவியது. ‘மெட்டில்டா மதர்’ பாடலின் முதல் வடிவம் ஹிலேர் பெல்லாக்கின் சிறுவர் செய்யுள்களை எடுத்தாண்டது. அதற்கு உரிமையாளரின் இசைவு கிட்டாமற்போகவே, பாரெட் அவ்விடங்களுக்குப் புதிய சொற்களை எழுதினார். தேர்ந்து எடுத்தல், தழுவல், தடை நேர்ந்தவிடத்து மாற்றி எழுதுதல் ஆகியன மயக்கத்தின் செயல்கள் அல்ல. ஆங்கிலச் சிறுவர் இலக்கிய மரபை மின்கிதார் இசைக்குள் கொணர்ந்த ஒருவரின் தேர்ச்சியையே அவை காட்டுகின்றன.

‘ஜக்பேண்ட் ப்ளூஸ்’: நோயறிக்கையா, அணியா?

1968இல் வெளிவந்த ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ என்னும் இரண்டாம் தொகுப்பில் பாரெட் இயற்றிய ஒரே பாடல் இது. தொகுப்பின் இறுதியில் இடம்பெற்றுள்ளது. பாரெட் தம் நோயைத் தாமே கண்டறிந்து எழுதியதாகக் குழுவின் அன்றைய மேலாளர் பீட்டர் ஜென்னர் இதனைக் கருதினார். வாழ்க்கை வரலாற்று வாசிப்புக்கு இதைவிட ஏற்ற பாடல் அமைவது அரிது; எனவே அவ்வாசிப்பைச் சோதிக்கவும் இதுவே தக்கது.

பாடலின் தொடக்கம், கூறுவோன் அங்கிருப்பதைப் பொருட்படுத்தியமைக்காகக் கேட்போருக்கு நன்றி கூறும் பாவனையில் அமைகிறது. அடுத்த கணமே தான் அங்கு இல்லை என்பதைத் தெளிவுபடுத்தியமைக்கான நன்றியாக அது திரும்புகிறது. நன்றியின் பணிவு மிகும் அளவுக்குக் குற்றச்சாட்டும் கூர்மையடைகிறது. தமிழ் அணியியல் இதனை எளிதில் இனங்காணும்: இது வஞ்சப்புகழ்ச்சி. தன்னை விட்டு நகரத் தொடங்கிய குழுவை நோக்கி, நிலைமையை முற்றும் உணர்ந்த ஒருவர் கூறும் கூற்றாக இப்பகுதி நிற்கிறது. இடையில் வரும் இரட்சணிய சேனையின் பித்தளை வாத்தியக் குழு, விரும்பியதை வாசிக்கட்டும் என்பது பாரெட்டின் விருப்பம். தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித் எழுதப்பட்ட இசையை வேண்டினார். அப்பகுதியின் ஒழுங்கின்மையைச் சிந்தனைக் குழப்பத்தின் பதிவாகக் கொள்ளுமுன், அது வேண்டிப் பெறப்பட்ட ஒழுங்கின்மை என்பதைக் கருதவேண்டும்.

பதிப்பு என்னும் கொளு

பாடலின் பொருளைப் பாடலாசிரியர் மட்டுமே தீர்மானிப்பதில்லை. 1967இல் பதிவான ‘வெஜிடபிள் மேன்’, ‘ஸ்கிரீம் தை லாஸ்ட் ஸ்கிரீம்’ ஆகிய இரு பாடல்கள் 2016 வரை முறையாக வெளியிடப்படவில்லை. இதனால் ‘ஜக்பேண்ட் ப்ளூஸ்’ தனியொரு விடைபெறும் குரலாக ஒலிக்க நேர்ந்தது.

முதல் தனித்தொகுப்பான ‘தி மேட்கேப் லாஃப்ஸ்’ இன்னும் தெளிவான சான்று. அதில் சில பாடல்களின் தவறிய தொடக்கங்களும் தாள்கள் புரளும் ஒலியும் அப்படியே விடப்பட்டுள்ளன. பாடகரின் உடைந்த நிலைக்குச் சான்றாக இப்பகுதிகள் அடிக்கடி சுட்டப்படுகின்றன. ஒலிப்பதிவில் தவறிய தொடக்கங்கள் எவர்க்கும் நேர்பவை. வழக்கமாக அவை நீக்கப்படும். இங்கு அவற்றைத் தக்கவைத்தது, இறுதிக்கட்டத் தயாரிப்பை ஏற்றிருந்த கில்மோர், வாட்டர்ஸ் ஆகியோரின் முடிவு. தொடக்கக்கட்டத் தயாரிப்பாளரான மால்கம் ஜோன்ஸ் பின்னாளில் இம்முடிவைக் கடிந்து எழுதினார். அதே தொகுப்பில் ஜேம்ஸ் ஜாய்ஸின் கவிதையொன்றுக்கு இசையமைத்த ‘கோல்டன் ஹேர்’ செட்டும் அமைதியும் உடையது. பாரெட் நலமாயிருந்தார் என்று வாதிட இது போதாது. ஆயினும் எந்த ஒலி அவருடையது, எந்தச் சட்டகம் பிறருடையது எனப் பிரித்தறிய இது உதவும்.

ஆத்மாநாம்: தமிழ்ச் சூழல்

எஸ்.கே. மதுசூதன் என்னும் இயற்பெயருடைய ஆத்மாநாம் (1951–1984) 1978இல் தொடங்கிய ‘ழ’ என்னும் கவிதைச் சிற்றிதழின் நிறுவனர். ‘காகிதத்தில் ஒரு கோடு’ (1981) அவர் வாழ்நாளில் வெளிவந்த தொகுதி. இறுதியாண்டுகளில் மனநோயால் துன்புற்ற அவர் 33ஆம் அகவையில் தாமே உயிர் துறந்தார். அவர் மறைவுக்குப் பின் பிரம்மராஜன் பதிப்பித்த தொகுப்பின் வழியாகவே பிந்தைய தலைமுறையினர் அவரை அறிந்தனர். அவர்கள் முடிவை அறிந்த பின்னரே முதற்கவிதையை வாசிக்கின்றனர்.

பாரெட்டுக்கு நேர்ந்த இடர் இங்கும் காத்திருக்கிறது. ‘நிஜம்’ என்னும் கவிதை அந்த ஒரு சொல்லையே வெவ்வேறு உருபுகளோடு மீள மீள அடுக்குகிறது. இதனை நிலைகொள்ளாத மனத்தின் சுழற்சியாக வாசிப்பது எளிது. ஆனால் ஒரு பெயர்ச்சொல் உருபேற்கும்தோறும் அதன் பொருள் உறுதிப்படுகிறதா, கரைகிறதா என்னும் வினாவைத் தமிழ் இலக்கணத்தைக் கொண்டே எழுப்பும் கவிதை அது. ‘அவசரம்’ கவிதையை அகப்பதற்றமாகச் சுருக்கினால், 1975–77 அவசரநிலைக் காலத்தை நோக்கிய அதன் அரசியல் நகை மறைந்துவிடும். நோய்வழி வாசிப்பு பாரெட்டிடம் கலைத்தேர்ச்சியை மறைக்கிறது. ஆத்மாநாமிடம் அதனோடு அரசியலையும் மறைக்கிறது.

இருவரையும் முற்றும் ஒப்பிட இயலாது. பாரெட் இசையைத் துறந்தபின் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவருக்கு இன்ன நோய் என்ற மருத்துவ முடிவேதும் பொதுவெளியில் நிலைபெறவில்லை. ஆத்மாநாமின் துன்பமோ ஐயத்துக்கு இடமற்றது. அதனைக் குறிப்பிடாமல் கடந்து செல்வது கண்ணியம்போல் தோன்றினாலும், நோயைப் பழிக்குரியதாகக் கருதும் மனப்பான்மைக்கே அது துணைபோகும். மேலும், நோயுற்றவர் நோயை மட்டுமே எழுதுவார் என்னும் எண்ணமும் அப்பழியின் மற்றொரு வடிவமே.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, பனுவல் தோன்றிய காலத்தையும் வாழ்க்கை நிகழ்ச்சியின் காலத்தையும் தனித்தனியே நிறுவிய பின்னரே இரண்டையும் இணைத்தல் வேண்டும். இரண்டாவது, தெரிவு, வரிசை, முன்னுரை, வெளியிடாமை ஆகிய பதிப்புச் செயல்களைப் படைப்பாளரின் மனநிலைக்குச் சான்றாக்கலாகாது. மூன்றாவது, யாப்பு, அணி, மரபு ஆகியவற்றால் விளக்க முடிந்த ஒன்றை நோயால் விளக்க முற்படுமுன் அவ்விளக்கங்களை முழுமையாகச் சோதித்தல் வேண்டும். அச்சோதனைக்குப் பின்னும் எஞ்சுவது இருக்கக்கூடும். அதனை எஞ்சியதாகவே ஒப்புக்கொள்வது ஆய்வுக்குக் குறையாகாது.

தளவானூர்ச் செய்யுளின் ஆசிரியர்க்கு வரலாறு பெயரையும் ஊரையும் தவிர வேறெதையும் வழங்கவில்லை. பாரெட்டுக்கும் ஆத்மாநாமுக்கும் வேண்டிய அளவுக்கு மேல் வழங்கியுள்ளது. சிவதாசனுக்கு இயல்பாகக் கிட்டிய வாசிப்பை, அதாவது சொல்லியவரின் கதைக்கு முன் சொல்லியதைக் கேட்கும் வாசிப்பை, இவ்விருவருக்கும் ஆய்வாளர் முயன்றே அளிக்க வேண்டியுள்ளது.