எழுதி வைக்காதீர்!

ஆவடி டாங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிடையரான நண்பர் ஒருவர் அம்பத்தூரில் இருக்கிறார். சென்ற மாதம் போயிருந்தபோது கரண்ட் பில் கட்ட கம்ப்யூட்டரைத் திறந்தார். திறந்தவர் எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தார். அட்டையின் பின்பக்கம் பால் கணக்கு, கேஸ் புக் நம்பர், பேத்தியின் ஜென்ம நட்சத்திரம், அதற்குக் கீழே வங்கி பாஸ்வேர்டு.

"எழுதி வைக்கக் கூடாதுன்னு பேங்க்ல போர்டே வெச்சிருக்கானே சார்?" என்றேன்.

"போர்டு வெச்சவன் வந்து ஞாபகம் வெச்சுக்கட்டும். கேப்பிட்டல் லெட்டர் வேணுங்கறான், நம்பர் வேணுங்கறான், அட் வேணுங்கறான். பழகினப்புறம் மாத்துங்கறான். மூணு வாட்டி தப்பாப் போட்டா பூட்டிடறான். அறுபத்தெட்டு வயசுல நான் என்ன பண்ண?"

அவர் பண்ணியிருப்பது இது: பேத்தி பெயர், பிறகு அட், பிறகு 1. மாற்றச் சொன்னதும் 2. இப்போது 7-ல் இருக்கிறார். பாஸ்வேர்டு என்பதைவிட வாய்ப்பாடு என்று சொல்லலாம்.

சிரிக்காதீர்கள். உங்கள் பாஸ்வேர்டை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்து கேப்பிட்டல், கடைசியில் ஒரு அட், அதையடுத்துப் பிறந்த வருஷமோ 123-ஓ இருக்கிறதா? எனக்கு ஜோசியம் தெரியாது. எல்லோரும் இப்படித்தான் வைக்கிறார்கள். கீபோர்டில் இருக்கும் 94 குறிகளில் எட்டை இஷ்டத்துக்கு அடுக்கினால் சுமார் 6,100 லட்சம் கோடி விதங்கள் வரும். ஆனால் மனுஷன் இஷ்டத்துக்கு அடுக்குவதில்லை. விதிக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு பண்ணிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறான்.

இந்த விதியை எழுதினவர் யார் தெரியுமா? பில் பர். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டில் இருந்தவர். 2003-ல் இவர் எழுதிய குறிப்பில்தான் எண், குறி, கேப்பிட்டல் கலப்படமும், அடிக்கடி மாற்று என்பதும் சட்டம் மாதிரி உலகம் முழுக்கப் பரவின. 2017-ல், எழுபது வயசைத் தாண்டியபின், செய்ததில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துகிறேன் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னலிடம் ஒப்புக்கொண்டார். அதே வருஷம் நிஸ்ட் தன் விதிகளைத் திருத்தியது. பாஸ்வேர்டு களவுபோனதற்கு அடையாளம் இல்லாவிட்டால் சும்மா மாற்றச் சொல்லாதே, குறிகளைவிட நீளம் முக்கியம் என்றது. எழுதினவரே வருத்தப்பட்டாயிற்று. என் நண்பரின் வங்கி இன்னும் விட்டபாடில்லை.

எனக்கு இதில் ஒரு அடிப்படைச் சந்தேகம் உண்டு. மூன்று தடவை தப்பாகப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்கிறது. அப்படியானால் திருடன் எதற்கு உட்கார்ந்து ஊகிக்க வேண்டும்? அவன் ஊகிப்பதில்லை சார், கேட்கிறான். 'உங்கள் கணக்கு முடங்கப்போகிறது, உடனே இங்கே க்ளிக் செய்யவும்' என்று. நாமும் பயந்துபோய் கேப்பிட்டல் லெட்டர், அட் எல்லாம் பிசகாமல் அடித்துக் கொடுக்கிறோம். எவ்வளவு கடினமான பாஸ்வேர்டும் கேட்டால் சொல்லிவிடுகிறவனிடம் ஒன்றுதான். வங்கிகள் கொல்லைக் கதவுக்கு ஒன்பது தாழ்ப்பாள் போடச் சொல்கின்றன. திருடன் வாசலில் காலிங் பெல் அடிக்கிறான்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. அபுதாபியில் இருந்த ஒருவருக்கு ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடி கிளையில் கணக்கு. 2007-ல் வங்கி அனுப்பியது போலவே வந்த ஈமெயிலுக்கு அவர் விவரங்களைக் கொடுக்க, 6.46 லட்சம் ரூபாய் அதே வங்கியில் இருந்த ஒரு மும்பைக் கணக்குக்குப் போனது. பெரும்பகுதியைக் காசோலை கொடுத்து ரொக்கமாகவே எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளரின் அஜாக்கிரதை என்றது வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி விசாரித்த தமிழக ஐ.டி. துறைச் செயலாளர் அதை ஏற்கவில்லை. வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடு போதாது என்று சொல்லி, 12.85 லட்சம் கொடுக்கும்படி 2010 ஏப்ரலில் உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போக, வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது வேறு விஷயம்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. தப்பு உங்கள் மேல்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்றது. நல்ல விஷயம். ஆனால் பாஸ்வேர்டை நீங்களே சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கிற நிமிஷம் வரை போனதெல்லாம் உங்கள் தலையில். அதற்கப்புறம் போவது வங்கியின் தலையில் என்றும் சொன்னது. அதனால் அவமானப்பட்டுக்கொண்டு மகன் ஆபீஸிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் வங்கி, அடுத்து 1930. பிறகு அழலாம்.

சரி, எழுதி வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். அம்பத்தூர் வீட்டுக்குள் இருக்கும் நோட்டை மாஸ்கோவிலிருந்து ஹேக் செய்ய முடியாது. ஆனால் காலண்டர் பின்னால் வேண்டாம்; வேலைக்காரம்மாவிலிருந்து கேபிள் பையன் வரை வந்துபோகிற இடம். நகை வைக்கிற பீரோவில் வையுங்கள். நோட்டில் முக்கால்வாசி எழுதி, ஒரு சின்னத் துண்டை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் கான்டாக்ட்டில் 'பேங்க் மாமா' என்று போட்டு வைக்காதீர்கள், அது எல்லோருக்கும் தெரிந்த மாமா. வாட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்பாதீர்கள். வங்கிக்கு வைத்ததை வேறு எதற்கும் வைக்காதீர்கள்.

கொஞ்சம் பழகியவர்களுக்கு பாஸ்வேர்டு மேனேஜர் என்கிற மென்பொருள் இன்னும் நல்லது. நீளமான ஒரே ஒரு வாக்கியத்தை நீங்கள் ஞாபகம் வைத்தால், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். முகவரி ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பாஸ்வேர்டை நிரப்பாது. நம் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறாது. 2025 அக்டோபருக்குள் வங்கிகள் தங்கள் இணைய முகவரியை 'பேங்க் டாட் இன்' என்று முடிகிற மாதிரி மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னதும் இதற்காகத்தான். போர்டு வைப்பதைவிட இது எவ்வளவோ உருப்படியான காரியம்.

இதையெல்லாம் நண்பருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது காபி கொண்டுவந்த அவர் மனைவி, "அதெல்லாம் சரிங்க. நாளைக்கு இவருக்கு ஒண்ணுன்னா, எந்தெந்த பேங்க்ல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றார்.

அறையில் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்தான். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு பேத்தி பெயர், அட், 7 தெரியாது. தெரிய வேண்டியதும் அதுவல்ல. எந்த வங்கி, எந்தக் கிளை, எத்தனை டெபாசிட், நாமினி யார் என்று ஒரு தாள் போதும். 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். பாஸ்வேர்டு மறந்தால் புதுசு வாங்கிவிடலாம். கணக்கு இருப்பதே தெரியாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? ரகசியம் காக்கச் சொல்லி மிரட்டுகிற போர்டுகள், இதைச் சொல்வதாகக் காணோம்.

நண்பர் அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் புது நோட்டு வாங்கி, இரண்டையும் ஒழுங்காக எழுதி பீரோவில் பூட்டிவிட்டதாக போன் பண்ணினார். போன வாரம் போய்ப் பார்த்தேன். அட்டை மேல் பெரிய எழுத்தில் 'பாஸ்வேர்டு நோட்' என்று லேபிள் ஒட்டியிருக்கிறார்.

கிழிக்கச் சொல்லியிருக்கிறேன்.