சைக்ளோன் விட்டுவிடும் தூசி

செங்குன்றத்திலோ ஆரணியிலோ நெல் அவிக்கும் ஆலையின் பின்பக்கம் போனால், உமி எரியும் பாய்லருக்கும் புகைபோக்கிக்கும் நடுவே, கூம்பாகக் கீழ்நோக்கிக் குறுகும் இரும்புத் தகட்டுக் கூடு ஒன்றைப் பார்க்கலாம். அதுதான் சைக்ளோன். 1885இல் அமெரிக்காவில் ஜான் ஃபின்ச் காப்புரிமை பெற்றதிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. பக்கவாட்டில் நுழையும் புகை சுழல்கிறது. கனத்த துகள் சுவரில் ஒதுங்கிக் கீழே சரிகிறது. காற்று நடுக்குழாய் வழியே மேலேறுகிறது. உள்ளே அசையும் பாகம் கிடையாது, எரிந்துபோகத் துணிப்பை கிடையாது, விலையும் குறைவு. ஆலைக்காரர்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

விற்பவர் “85 சதவீதம் பிடிக்கும்” என்பார். பொய்யில்லை, ஆனால் அது எடைக் கணக்கு. ஒரே ஒரு 50 மைக்ரான் துகளின் எடைக்கு ஈடாக 2.5 மைக்ரான் துகள்கள் 8,000 வேண்டும். பெரியவை சிக்கினாலே சதவீதம் ஏறிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவுகளின்படி, சாதாரண சைக்ளோன் மொத்தத் தூசியில் 70 முதல் 90 சதவீதம் வரை பிடிக்கும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்டதில் 0 முதல் 40 வரைதான். நம் மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும் பருந்தூசியைத்தான் இதுவும் தடுக்கிறது. நுரையீரலின் ஆழம்வரை இறங்குவது இரண்டிடமிருந்தும் தப்பிவிடுகிறது.

எடைக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் நிலைமை சுகமில்லை. கன மீட்டருக்கு 5 கிராம் சாம்பலுடன் வரும் புகையில் 85 சதவீதத்தைக் கழித்தால் 750 மில்லிகிராம் மிஞ்சும். இந்தியாவின் பொது வரம்பு 150. சிறு பாய்லர்களுக்கு விதி தாராளமாக இருப்பதால்தான் சைக்ளோனை மட்டும் வைத்துக் காலம் தள்ள முடிகிறது.

அதுவும் ஒழுங்காகப் பராமரித்தால்தான். உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. தகட்டை அரித்து ஓட்டை போடும். சாம்பல் விழும் கீழ்வாயில் ரோட்டரி வால்வு இல்லாமல் திறந்து கிடந்தால், இழுவை விசிறி அந்த வழியாக வெளிக்காற்றை உறிஞ்சி, பிரிந்த சாம்பலை மறுபடி மேலே கிளப்பிவிடும். ஆலையைக் குறைந்த சுமையில் ஓட்டினால் சுழற்சி வேகம் தளர்ந்து பிடிப்பும் குறையும். சிறு குழாய்கள் பல கொண்ட மல்டிசைக்ளோன் இன்னும் நுண்ணிய துகளைப் பிடிக்கும். அடைப்பும் விசிறியின் மின்செலவும் கூடவே வரும்.

ஆக, சைக்ளோனை முதல் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். துணிப்பைகளால் வடிகட்டும் பேக் ஃபில்டருக்கு முன்னால் நின்று தீப்பொறியையும் பருஞ்சாம்பலையும் வாங்கிக்கொண்டு பைகளின் ஆயுளைக் கூட்டுவதில் அதற்கு நிகராக மலிவான கருவி இல்லை. மரப்பட்டறையில் இழைப்புச் சுருளை அள்ளவும் அது போதும். உப்புத்தாள் தேய்ப்பில் பறக்கும் மாவுத்தூசிக்குப் போதாது. குடியிருப்பை ஒட்டிய அரிசி ஆலையில் கடைசிக் கருவியாக அதை ஏற்க முடியாது. பேக் ஃபில்டரின் செலவு சிறு ஆலைக்குப் பெருஞ்சுமை என்பது உண்மை. அதற்குக் கடனோ மானியமோ கேட்பது நியாயம், தூசிக்குச் சலுகை கேட்பது நியாயமில்லை. சிமென்ட் ஆலைகளைப் பாருங்கள்: சூளைக்கு முன்னுள்ள கோபுரத்தில் நான்கு முதல் ஆறு அடுக்கு சைக்ளோன்கள் இருக்கும். அத்தனையையும் கடந்த வாயுவைக்கூட அவர்கள் பேக் ஃபில்டரிலோ மின்நிலை வடிப்பானிலோ செலுத்திய பிறகே புகைபோக்கிக்கு அனுப்புகிறார்கள்.