பத்துப் பெயர் சொன்னால் போதுமா?

சினிமாப் பாட்டு அலுத்துப்போய், வேறு ஏதாவது கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிற ஒருவர் விவரம் தெரிந்த நண்பரிடம் கேட்கிறார்: "நல்ல பேண்ட் ரெண்டு மூணு சொல்லுங்களேன்." பதிலாகப் பெரும்பாலும் ஒரு பட்டியல் வருகிறது. பத்துப் பதினைந்து பெயர்கள். பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் பாடுபவை. எதை முதலில் கேட்பது, எதற்காகக் கேட்பது என்று ஒரு வரிகூட இருக்காது. கேட்டவர் முதல் பெயரைத் தட்டி ஒன்றரை நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி இளையராஜாவிடமோ கன்னடத்து ஹம்சலேகாவிடமோ போய்விடுகிறார். சொன்னவருக்கு நாலு பேருக்கு நல்லதைச் சொன்ன திருப்தி.

இண்டி ராக் குழுக்களைப் பரிந்துரைக்கும் இந்தப் பழக்கத்தை எடைபோட, ராக் மேடை எதுவும் இல்லாத ஹனூர் தோதான இடம். கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கும் ஊர் அது. இன்று சாமராஜநகர் மாவட்டம். 1997 வரை மைசூர் மாவட்டம். 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்படும்வரை கொள்ளேகால் தாலுகாவோடு கோயம்புத்தூர் மாவட்டம். கன்னடமும் தமிழும் கடைத்தெருவில் கலந்து புழங்கும் வட்டாரம். ஒரு பக்கம், கன்னட ராக்கை உலக மேடைக்குக் கொண்டுபோன ரகு தீட்சித் வளர்ந்த மைசூரு. இன்னொரு பக்கம், மாதேஸ்வரனாகிய மாதப்பனின் கதையை வெண்கலத் தாளம் தட்டி விடிய விடியப் பாடும் கம்சாளெக் கலைஞர்களின் மலை. இந்த ஊரில் இருந்துகொண்டு 'வேறு இசை' தேடும் ஓர் இளைஞருக்கு நாம் என்ன சொல்வோம் என்று யோசித்தாலே, நம் பரிந்துரையின் பலமும் கோளாறும் இரண்டும் வெளியே வந்துவிடும்.

பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தென்னிந்தியாவில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. அதற்கு நடிகர் முகம் இருக்கிறது, டீசர் இருக்கிறது, பண்பலை இருக்கிறது, கோயில் திருவிழா ஒலிபெருக்கியும் கல்யாண மண்டபமும் இருக்கின்றன. தன் கைக்காசைப் போட்டு ஆல்பம் வெளியிடும் இண்டி குழுவுக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஒரு வாய் இன்னொரு காதுக்குச் சொன்னால்தான் உண்டு. 1993இல் அலகாபாத்திலிருந்து அமித் சைகல் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதழின் வேலையே இப்படிச் சொல்வதாகத்தான் இருந்தது. பெரிய நகரங்களுக்கு வெளியே இருந்த வாசகருக்கும், இந்தியாவில் யார் யார் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறார்கள் என்ற செய்தி அதன் வழியாகப் போய்ச் சேர்ந்தது.

இன்று இதில் பணக் கணக்கும் சேர்ந்திருக்கிறது. கடந்த 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் உரிமைத்தொகை தருவதில்லை. பெரிய நட்சத்திரத்துக்கு ஆயிரம் என்பது ஒரு நொடிப்பொழுது. புதிய குழுவுக்கு அது ஒரு வருட உழைப்பு. அப்படிப்பட்ட குழுவின் பாட்டை நாற்பது பேருக்கு ஒருவர் சொல்லி, அவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டால், அந்தக் கோட்டைத் தாண்ட அதுவே உதவும்.

செயலியே பாட்டு சொல்கிறதே, மனிதர் எதற்கு என்று கேட்கலாம். செயலி நாம் ஏற்கெனவே கேட்டதிலிருந்துதான் கணக்குப் போடுகிறது. நம்மைப் போலக் கேட்கிற மற்றவர்கள் அடுத்து எதைக் கேட்டார்கள் என்று பார்க்கிறது. கன்னட, தமிழ்ச் சினிமாப் பாட்டையே கேட்டு வந்த ஹனூர் இளைஞருக்கு அது இன்னொரு சினிமாப் பாட்டைத்தான் எடுத்து நீட்டும். அந்த வட்டத்தை விட்டு ஒரே தாவாகத் தாவவைக்க, அவரையும் பாட்டையும் சேர்த்து அறிந்த ஒரு மனிதர் வேண்டும். 1978 செப்டம்பரில் பிபிசி வானொலியில் ஜான் பீல் செய்தது இதற்கு நல்ல உதாரணம். வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்துப் பையன்கள் சேர்ந்து அமைத்த 'தி அண்டர்டோன்ஸ்' குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்' பாட்டை ஒலிபரப்பினார். முடிந்ததும் உடனே அதையே மறுபடி ஒலிபரப்பினார். எத்தனை புகழ்ந்திருந்தாலும் அந்த இரண்டாவது ஒலிபரப்பு செய்ததைச் செய்திருக்காது. பேர் தெரியாத ஒரு குழுவுக்குத் தன் நேரத்தையும் தன் நம்பகத்தையும் ஒருசேரக் கொடுத்தார். பரிந்துரை என்பதன் உச்சம் இது.

இனி கோளாறுகள். முதலாவது, பரிந்துரை பாட்டைப் பற்றிப் பேசாமல் பரிந்துரைப்பவரைப் பற்றிப் பேசத் தொடங்குவது. பட்டியல் நீள நீள, 'நான் எவ்வளவு கேட்டிருக்கிறேன் பார்' என்பதுதான் கேட்கிறது. யாருக்கும் தெரியாத பெயருக்கு மதிப்பு அதிகம்; நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் அது பட்டியலிலிருந்து இறங்கிவிடும். மேட்டூருக்கு வழி கேட்டவரிடம் இடையில் வரும் ஊர்ப் பெயர்களை மட்டும் ஒப்பித்துவிட்டு, எந்தப் பஸ் என்று சொல்லாமல் போவது மாதிரிதான் இது.

பெயரின் கனம் பாட்டை அமுக்கிவிடுவதும் உண்டு. 2019 இறுதியில் பராக் ஒபாமா தமக்குப் பிடித்த பாடல்களின் பட்டியலை வெளியிட்டார்; அதில் இந்தியப் பாடகர் பிரதீக் குஹாட்டின் 'கோல்டு/மெஸ்' இருந்தது. அடுத்த ஆண்டு ஓர் அமெரிக்க இசை நிறுவனம் குஹாட்டை ஒப்பந்தம் செய்தது. ஒரு பாடகருக்கு இது நல்லதுதான். இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்தியப் பத்திரிகைகளில் தலைப்பாக வந்தது ஒபாமாவின் பெயர். மென்மையாக, அடங்கிய குரலில், ஓர் உறவு சிதைவதைப் பாடும் அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்ற பேச்சு பின்னால் போய்விட்டது. சொன்னவர் யார் என்பதே சான்றிதழ் ஆகும்போது, கேட்பவர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

இரண்டாவது கோளாறு, 'இது அது மாதிரி' என்னும் சுருக்குவழி. புதியவருக்குப் புரிய வேண்டுமே என்று தெரிந்த பெயரோடு ஒட்டவைக்கிறோம். ஒரு வாக்கியத்துக்கு அது உதவும். அதோடு நின்றுவிட்டால் பாட்டின் வேரை வெட்டிவிடும். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை 'தமிழ் ராக், ராப் பேண்ட்' என்று அறிமுகப்படுத்தினால் எதுவும் தவறில்லை. எதுவும் சொன்னதாகவும் ஆகாது. வடசென்னைச் சாவு வீடுகளில் வளர்ந்த கானா, பறை, டென்மாவின் இசையமைப்பு, பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், அயோத்திதாசர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற அடையாளம், இவை சேர்ந்ததுதான் அந்தக் குழு. இது தெரிந்து கேட்பவருக்கு அந்த மேளத்தின் அடி வேறு மாதிரி விழும்.

ஹனூரின் சொந்தச் சரக்கிலேயே இதற்கு இன்னும் கூர்மையான உதாரணம் உண்டு. 'கோலுமண்டே ஜங்கமா' என்ற மாதப்பன் பாட்டு மலைக்குப் போகும் பக்தர்களுக்கு மனப்பாடம். 1996இல் டி.எஸ். நாகாபரணா இயக்கிய 'ஜனுமத ஜோடி' படத்தில் எல்.என். சாஸ்திரியின் குரலில் வந்து கர்நாடகம் முழுக்கப் பரவியது. 2020 ஆகஸ்டில் ராப் பாடகர் சந்தன் ஷெட்டி அதைப் புதிய தாளத்தோடு காணொளியாக வெளியிட்டார். கதையில் வரும் சங்கம்மா, பக்தர்களுக்குச் சரணி என்னும் அடியார், தாய் ஸ்தானம். காணொளியில் அவரைக் காட்டிய விதம் மலைப் பக்தர்களைக் கொதிக்கவைத்தது. பாடகர் மன்னிப்புக் கேட்டார். காணொளி யூடியூபிலிருந்து எடுக்கப்பட்டது. பழைய பாட்டைத் தொடவே கூடாது என்பதல்ல இதன் பாடம். சினிமா தொட்டபோது இந்தச் சிக்கல் எழவில்லையே. யார் யாரிடம் எதற்காகப் பாடுகிறார்கள் என்பதை உதிர்த்துவிட்டு மெட்டை மட்டும் கைமாற்றியதுதான் பிரச்சினை. பரிந்துரைப் பட்டியல்கள் தினமும் இதையே சின்ன அளவில் செய்கின்றன. அங்கே யாரும் கொதிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு நேர் எதிரான சறுக்கலும் இருக்கிறது. 'நம் கம்சாளெக்காரர்கள்தான் அந்தக் காலத்து இண்டி' என்று சிலாகிப்பது. கேட்க இதமாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. கம்சாளெக் கலைஞர் குருவிடம் தீட்சை பெற்றவர், மாதப்பனுக்கு நேர்ந்துகொண்டவர். இடது உள்ளங்கையில் கிண்ணம் போலக் குழிந்த வெண்கலத் தாளம். வலது கையில் குஞ்சம் தொங்கும் தட்டு. பீசு கம்சாளெயில் அந்தத் தட்டைத் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னாலும் சுழற்றி வீசி, உடன் ஆடுபவரோடு தாளம் பிசகாமல் மோதவேண்டும். தன்னிச்சையாகப் பாடுவதற்கு இங்கே இடம் குறைவு. குரு, குலம், தெய்வம், கேட்கும் ஊர் என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்ட கலை. ஹெப்பணி மாதய்யாவும் அவர் குழுவினரும் பாடிய மாதப்பன் கதையை கே. கேசவன் பிரசாத் திரட்ட, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சாகித்திய அகாதெமி 2001இல் வெளியிட்டது. புத்தகமாகும் அளவு விரிந்த காவியம் அது. அதை நம் ரசனைக்கு ஒரு முன்னோடியாகச் சுருக்குவது மரியாதை செய்வது போலத் தோன்றும். நடப்பது நம் பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்ப்பது மட்டுமே.

மூன்றாவது கோளாறு, குறை சொல்லாமை. இந்த வட்டம் சிறியது. எழுதுகிறவர், நிகழ்ச்சி நடத்துகிறவர், கிட்டார் வாசிக்கிறவர் எல்லோரும் ஒருவருக்கொருவர் பழக்கம். பாவம், கஷ்டப்பட்டுச் செய்கிறார்கள், அதில் போய் குற்றம் காண்பானேன் என்ற இரக்கம் வேறு. அதனால் எல்லாமே 'அட்டகாசம்', எல்லாமே 'தவறவிடக் கூடாதது'. நாட்டுப்புற ராக் என்ற வகையையே எடுத்துக்கொள்வோம். பல குழுக்களுக்கு ஒரே அச்சு: ஒரு பழைய வரி மெதுவாகத் தொடங்கும், இரண்டாவது சுற்றில் டிரம்ஸ் இறங்கும், நடுவில் கிட்டார் தனியே நீளும், கடைசியில் வேகம் கூடி, கூட்டத்தைக் கைதட்டச் சொல்லி முடியும். பாட்டின் பொருள் துக்கமானாலும் கேலியானாலும் முடிவு ஒன்றுதான். இதைச் சொல்லாமல் விட்டால், அந்த அச்சை உடைக்கிற குழுவை எப்படி அடையாளம் காட்டுவது? புதிதாகக் கேட்பவருக்கும் நஷ்டம். 'தவறவிடக் கூடாதது' என்று சொல்லப்பட்டது தமக்குச் சப்பென்று இருந்தால், பாட்டைச் சந்தேகிக்க மாட்டார். நமக்கு ரசிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்று தம்மையே சந்தேகித்து விலகிப் போவார்.

அப்படியானால் ஹனூர் இளைஞருக்கு என்ன சொல்லலாம்? ரகு தீட்சித்தின் 2008 ஆல்பத்தில், சிசுநாள சரீபரின் பாட்டு ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்லலாம். சரீபர் 19ஆம் நூற்றாண்டுக்காரர், வடகர்நாடகத்தவர். முஸ்லிமாகப் பிறந்து, பிராமணரான கோவிந்தபட்டரைக் குருவாகக் கொண்டு, உடலையும் உலகத்தையும் பேச்சுக் கன்னடத்தில் பூடகமாகப் பாடியவர். பிறகு அதே சரீபரை சி. அஸ்வத்தின் இசையில் கேட்கச் சொல்லலாம். 1990இல் வந்த 'சந்த சிசுநாள சரீபா' படத்தின் பாட்டுகள் சுலபமாகக் கிடைக்கின்றன. அஸ்வத்திடம் சொல் முன்னே நிற்கிறது. ரகு தீட்சித்திடம் உடம்பை ஆட்டும் துள்ளல் முன்னே வருகிறது. அதற்கு விலையாகச் சரீபரின் சூட்சுமம் கொஞ்சம் கரைகிறது. இந்த விலை சரியா என்பதைக் கேட்பவரே முடிவு செய்யட்டும். அதற்கு மேல் போக விரும்பினால், ரகுவின் தம்பி வாசு பாடும் ஸ்வராத்மா, மலையாளத்தில் அவியல் என்று அடுத்த படியைக் காட்டலாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'சந்த சிசுநாள சரீபா'வை இயக்கியவரும் நாகாபரணாதான். இண்டி ரசிகர்கள் எதிரியாகப் பாவிக்கும் சினிமாவே சரீபரையும் மாதப்பனையும் பரவலான காதுகளுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. சரீபர் படம் அதைச் சரியாகச் செய்ததற்குக் காரணம், பாடியவரின் வாழ்க்கையோடு சேர்த்துப் பாட்டைக் கொடுத்தது. நம் பட்டியல்கள் விட்டுவிடுவதும் அதைத்தான்.

ஆக, பரிந்துரை வேண்டாம் என்பதல்ல என் வாதம். குறைவாக வேண்டும், நிறைவாக வேண்டும். ஒரு குழு, அதில் ஒரு பாட்டு, எதைக் கவனிக்க வேண்டும் என்ற ஒரு குறிப்பு, எது பிடிக்காமல் போகலாம் என்ற ஓர் எச்சரிக்கை, பிடித்துவிட்டால் அந்தக் குழுவுக்குப் பணம் போய்ச் சேரும் வழி. பத்துப் பெயர் ஒப்பிக்க ஆகும் நேரம்தான் இதற்கும் ஆகும். உழைப்பு மட்டும் கூடுதல்.

அதன் வெற்றியை அளக்கும் கோலையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நமக்குப் பிடித்தது அவருக்கும் பிடித்துவிட்டது என்பது வெற்றி அல்ல. 'இது எனக்கு ஒட்டவில்லை, பாட்டை விடச் சத்தம் பெரிதாக இருக்கிறது' என்று காரணத்தோடு அவர் மறுக்கத் தொடங்கினால் அது வெற்றி. ஹனூர்க்காரருக்கு அந்த மறுப்பைச் சொல்ல நம்மைவிடக் கூடுதல் தகுதி உண்டு. நாட்டுப்புறச் சாயலில் பெங்களூரு மேடைகளில் முழங்குவதை, அதன் மூலம் ஒலிக்கும் ஊரிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கக் கூடியவர் அவர். அவரிடம் பெயர்களை ஒப்பிப்பதற்கு முன், மலைத் திருவிழாவில் எந்தக் குழு பாடினால் அவர் நின்று கேட்பார், ஏன் என்று நாம் கேட்டிருக்க வேண்டும்.