பேட்டரியின் ஆயுள் கணிதம்

ஸ்மார்ட்போனின் பேட்டரி இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கேள்வியும், இன்னும் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்ற கேள்வியும் ஒன்றுபோல் தோன்றினும், முன்னது பெரும்பாலும் நமது நடத்தையையும் பின்னது பெரும்பாலும் ரசாயன மாறுதலையும் சார்ந்தவை ஆதலால், இரண்டையும் தனித்தனியே சீர்தூக்குவதே நியாயமாகும்.

லித்தியம் அயனிப் பேட்டரியின் மின்னழுத்தம், சார்ஜ் குறையும்போது நடுப்பகுதியில் மிக மெல்லவே இறங்குவதால், அதை மட்டும் கொண்டு இருப்பைத் துல்லியமாகச் சொல்ல இயலாது. ஆகவே, உட்புகும் மின்னோட்டத்தையும் வெளியேறும் மின்னோட்டத்தையும் இடைவிடாமல் அளந்து வரவுசெலவுக் கணக்கு வைக்கும் சில்லு ஒன்று, மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் சாட்சிகளாகக் கொண்டு அக்கணக்கை அவ்வப்போது திருத்திக்கொள்கிறது. இருப்பைச் சொல்லும் அளவில் இது போற்றத்தக்க முறையே.

ஆனால் அதே கருவி ‘இன்னும் ஆறு மணி நேரம்’ என்று சொல்லத் தொடங்கும்போது, இதுவரை செலவிட்ட வேகத்திலேயே இனியும் செலவிடுவோம் என்ற அனுமானத்தை நம்மிடம் சொல்லாமலே சேர்த்துக்கொள்கிறது. சிக்னல் மெலிந்த பிரதேசத்தில் போன் கூடுதல் சக்தியைச் செலவிட நேர்வதை அது முன்கூட்டி அறியாது. நமது பழக்கத்தைக் கற்று, எந்தச் செயலியை அடுத்துத் திறப்போம் என்று ஊகிக்கும் வசதி 2018-இல் ஆண்ட்ராய்டு 9-உடன் வந்தது. எனினும், பழக்கம் குலைகின்ற பிரயாண நாளிலும் ஆபத்து வேளையிலும்தானே கணிப்பு நமக்கு மிகுதியும் வேண்டியிருக்கிறது?

ஆயுள் கணிப்பில் முன்னேற்றம் மெய்யானது. 2019-இல் ‘நேச்சர் எனர்ஜி’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, 124 பேட்டரிகளைச் சோதித்து, முதல் 100 சார்ஜ் சுற்றுகளின் விவரத்தைக் கொண்டே, ஒவ்வொன்றின் ஆயுளையும் சுமார் 9 சதவீதப் பிழையுடன் முன்னறிய முடியும் என்று காட்டியது. எனினும் அவை மாறாத 30 டிகிரிச் சூழலில் வைக்கப்பட்ட இரும்பு பாஸ்பேட் வகையின. பெரும்பாலும் கோபால்ட் வகையைச் சட்டைப்பையில் வைத்து வெயிலில் திரிகிற நமக்கு அம்முடிவு அப்படியே பொருந்தாது.

எஞ்சிய கொள்ளளவு ஒன்றே பேட்டரியின் முழு லக்ஷணமும் அன்று. உள்மின்தடை ஏறிய பழைய பேட்டரி, சார்ஜ் மிச்சமிருக்கையிலேயே குளிரில் திடீரென அணைந்துவிடக்கூடும். இத்தகைய அணைவைத் தடுக்கவே பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரியின் நிலையைப் பயனாளருக்குக் காட்டும் பக்கம், எதிர்ப்பு எழுந்த பிறகு, 2018-இல்தான் வந்தது.

ஆகையால், கணிக்கும் சாஸ்திரத்தைக் காட்டிலும் அதைச் சொல்லும் முறையே திருந்த வேண்டியது அதிகம். ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, ‘பேச்சு மட்டுமானால் இவ்வளவு, வீடியோவானால் இவ்வளவு’ என்று எல்லைகளையும் அவற்றின் ஆதாரத்தையும் போன் காட்டுமானால், உணவு கொண்டுசெல்லும் தொழிலாளி அடுத்த ஆர்டரை ஏற்பதா, முதலில் சார்ஜ் ஏற்றுவதா என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்வார். அந்தத் தீர்மானத்துக்கு உதவாத கணிப்பு, எவ்வளவு நுட்பமானதாயினும், பிரயோஜனத்தில் குறையுடையதே.